மேடையில் பேசியது கேட்டவர் மனதில் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள், அவர்களைத் தயார்செய்யும் தமிழாசிரியர்கள், பணி நிறைவு விழாவில் ‘ரெண்டு வார்த்தை’ பேச அழைக்கப்படுபவர்கள், பட்டிமன்ற மேடைக்குப் புதியவர்கள் எனப் பலரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. மேடைக் கூச்சம் போவது எப்படி என்பது தனிப் பாடம். அதை இங்கே தொடவில்லை. பேசி ஒரு வாரம் ஆன பிறகும் கேட்டவருக்கு நினைவிருக்கும்படி பேசுவது எப்படி என்பதை மட்டும் பார்க்கிறோம். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் ஒரே பேச்சையே வைத்துக்கொண்டிருக்கிறோம்: ‘நீர் சேமிப்பு’ என்ற தலைப்பில் ஒரு மாணவியின் ஐந்து நிமிடப் பேச்சு.

1. நல்லா பேசுறேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா என்ன பேசினேன்னு கேட்டா யாருக்கும் ஞாபகம் இல்ல. ஏன்?

‘நல்லா பேசினீங்க’ என்பது உங்கள் குரலுக்கும் தைரியத்துக்கும் கிடைக்கும் பாராட்டு. புத்தகம் படிப்பவர் புரியாவிட்டால் ஒரு பக்கம் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. காதில் விழுந்து போய்க்கொண்டே இருப்பதில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவர் எதையும் பிடிக்க மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே மாறுபட்டு நிற்கும் ஒன்றுதான் நினைவில் தங்குகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இல் ஆய்வில் காட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே உச்சக் குரலில், ஒரே வேகத்தில், வரிக்கு வரி அடுக்குமொழியோடு பேசினால் மாறுபட்டு நிற்க எதுவுமே இல்லை. கைதட்டல் கிடைக்கும். மறுநாள் எதுவும் மிஞ்சாது.

ஆகவே முதல் வேலை, கேட்டவர் வீட்டுக்குப் போய் இன்னொருவரிடம் சொல்லக்கூடிய ஒரே ஒரு வரியை முடிவு செய்வது. மற்றதெல்லாம் அந்த வரிக்காகத்தான். கீழே வரும் பதில்களில் இதை ‘கொண்டுபோகும் வரி’ என்று குறிப்பிடுகிறோம்.

2. அந்த ஒரு வரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தலைப்பை எழுதிவிட்டு, “நான் பேசிய பிறகு இவர்கள் என்ன செய்ய வேண்டும், அல்லது எதை நம்ப வேண்டும்?” என்று கேட்டு ஒரு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். ‘நீர் சேமிப்பு’ பேச்சில் முதலில் வருவது “நாம் அனைவரும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்” என்பதாக இருக்கும். இது சரியான கருத்துதான், ஆனால் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. கண்ணுக்குத் தெரிகிற எதுவும் அதில் இல்லை. ஆகவே கண்ணால் காணக்கூடிய ஒன்றுக்கு அதை இறக்குங்கள். சொட்டுகிற குழாய் எல்லார் வீட்டிலும் உண்டு.

அடுத்தது கணக்கு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நாலு லிட்டருக்குச் சற்று மேல். முப்பது நாளில் ஏறக்குறைய 130 லிட்டர். 16 லிட்டர் பிடிக்கும் குடத்தில் எட்டுக் குடம். இப்போது வரி தானாகவே வந்துவிடுகிறது: “ஒழுகும் குழாய் ஒன்று, மாதம் எட்டுக் குடம்.” ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது, ஏழு சொல்லுக்குள் முடிகிறது, பாட்டி முதல் பேரன் வரை எல்லாருக்கும் காட்சி தெரிகிறது. உங்கள் வரிக்கும் இந்த மூன்றையும் பாருங்கள். மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வரி நீளம், வெட்டுங்கள்.

3. ஒரு வரி போதும்னா, மீதி நேரம் என்ன பேசுறது?

மீதி நேரம் அந்த வரியை நம்பவைக்க. ஐந்து நிமிடப் பேச்சை 4 நிமிடம் 45 நொடிக்குத் திட்டமிடுங்கள்: தொடக்கம் 30 நொடி, மூன்று பகுதிகள் தலா 75 நொடி, முடிவு 30 நொடி. மிச்சம் 15 நொடி கைதட்டலுக்கும் மூச்சுக்கும். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 110 தமிழ்ச் சொற்கள் வரும். எனவே எழுத்தில் 450 சொல்லைத் தாண்ட வேண்டாம். உங்கள் வேகம் தெரியாவிட்டால் ஏதாவது ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் உரக்கப் படித்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பகுதிகள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. கேட்பவரால் ஒரே சமயத்தில் மனதில் ஏந்தக்கூடியவை மூன்று, நான்குதான். ஐந்தாவது வந்ததும் ஒன்று நழுவும், எது நழுவும் என்பது உங்கள் கையில் இல்லை. வரிசையில் முதலாவதும் கடைசியும் நன்றாக நினைவிருக்கும், நடுவில் உள்ளவை மங்கும் என்பதும் பல சோதனைகளில் உறுதியானது. ஆகவே மூன்றில் வலுவான இரண்டை முதலிலும் முடிவிலும் வைத்து, மெலிந்ததை நடுவில் வையுங்கள். கதை சொல்வதாக இருந்தால் அதற்கு நடுப்பகுதிதான் சரியான இடம். மங்கும் இடத்தைக் கதை தூக்கி நிறுத்தும்.

4. எதுகை மோனை வச்சுப் பேசினா இந்தக் காலத்துல செயற்கையா தெரியாதா?

பேச்சு முழுக்க வைத்தால் தெரியும். கொண்டுபோகும் வரியில் மட்டும் வைத்தால் தெரியாது, மனதில் ஒட்டும். தமிழ்ச் செய்யுள் நூற்றாண்டுக் கணக்காகப் பெரும்பாலும் வாய்வழியாகக் கற்றுக்கொடுக்கப்பட்டது. முதலெழுத்து ஒன்றி வரும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையும், ஈறு ஒன்றி வரும் இயைபும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. ஒரு சொல் நினைவுக்கு வந்தால் அடுத்த சொல்லையும் அது இழுத்து வரும்.

அண்ணாவின் சொற்களைப் பாருங்கள். “கடமை, கண்ணியம், கட்டுப்பாடு”: மூன்று சொல், மூன்றும் ஒரே எழுத்தில் தொடக்கம். “மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு” என்பதில் மகரம் மூன்று இடத்தில் வருகிறது. அதோடு கண்ணும் மூக்கும் சேர்ந்து உணரும் ஒரு காட்சியும் இருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதற்கு “மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்றார்கள் தி.மு.க.வினர். இயைபு, முரண், எண், எல்லார் வீட்டிலும் இருந்த படி என்ற அளவு, எல்லாம் சேர்ந்து ஆறு சொல்லில் முடிந்துவிட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும், அந்தத் தேர்தலின்போது பிறக்காதவர்கள்கூட இந்த வரியைச் சொல்கிறார்கள். இதைவிட நல்ல பாடம் இந்தக் கலைக்குக் கிடையாது என்பது எங்கள் எண்ணம்.

தவறு எங்கே நடக்கிறது? ஒலிக்காகப் பொருளை விட்டுக்கொடுக்கும்போது. “நீர் நிலம் நெருப்பு நேசம் நெஞ்சம்” என்று ‘ந’ வரிசையை அடுக்கிவிட்டு என்ன சொன்னோம் என்று பேசியவருக்கே தெரியாத நிலை வரக் கூடாது. முதலில் பொருளை எழுதுங்கள். பிறகு ஒரு சொல்லை மாற்றினால் ஓசை கூடுமா என்று பாருங்கள். கூடாவிட்டால் விட்டுவிடுங்கள்.

5. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னா போரடிக்காதா?

ஐந்து நிமிடத்தில் மூன்று முறை சொன்னால் போரடிக்காது. தொடக்கம் முடியும் இடத்தில் ஒன்று, இரண்டாம் பகுதிக்குப் பிறகு ஒன்று, கடைசி வரியாக ஒன்று. சொற்களை மாற்றாதீர்கள்; மாற்றினால் கேட்பவருக்கு அது புது வரி. ஆனால் குரல் மாறலாம். முதல் முறை தகவலாக, இரண்டாம் முறை கேள்வியாக (“ஒழுகும் குழாய் ஒன்று, மாதம்…?” என்று நிறுத்தினால் கூட்டமே முடித்துக்கொடுக்கும்), மூன்றாம் முறை மெதுவாக. கூட்டம் தன் வாயால் சொன்ன வரியை மறப்பது கடினம். அந்த இரண்டாம் முறைதான் மூன்றிலும் முக்கியம்.

பகுதிக்குப் பகுதி தாவுவதற்கு அந்தாதி முறையும் உதவும். ஒரு பகுதி முடியும் சொல்லால் அடுத்ததைத் தொடங்குங்கள்: “…எட்டுக் குடமும் சாக்கடைக்குப் போகிறது.” “சாக்கடைக்குப் போகும் இந்த நீர் எங்கிருந்து வந்தது?” கேட்பவருக்குத் தொடர்ச்சி அறுபடாது. உங்களுக்கும் அடுத்தது என்ன என்பது மறக்காது.

6. மேடையில இருக்கிறவங்க பேரைச் சொல்லி வணக்கம் சொல்லவே ரெண்டு நிமிஷம் போயிடுது. என்ன பண்ணலாம்?

பேச்சுப் போட்டியில் இது பிரச்சினையே இல்லை. “நடுவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்” போதும். நடுவரைப் புகழ்வதற்கு மதிப்பெண் கிடையாது. ஊர்க் கூட்டத்திலும் சங்க விழாவிலும் பெயரை விட்டால் மனவருத்தம் வரும். அங்கே தலைவர் பெயரை மட்டும் சொல்லி, மற்றவர்களை “மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே” என்று சேர்த்துவிட்டு, பிறகு பேச்சின் நடுவே பொருத்தமான இடத்தில் இரண்டு பேரையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். “தலைவர் அவர்கள் சற்று முன் சொன்ன ஏரி” என்று வந்தால் அவருக்கு வெறும் விளிப்பைவிட அது பெரிய மரியாதை.

விளிப்பே நினைவில் நின்ற பேச்சும் உண்டு. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் “அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே” என்று தொடங்கியதும் அரங்கமே கைதட்டியது. தான் சொல்ல வந்த கருத்தையே, எல்லாரும் உறவு என்பதையே, அவர் விளிப்பில் வைத்துவிட்டார். உங்கள் விளிப்பும் பேச்சின் கருத்தைச் சொல்லுமானால் நேரம் கொடுங்கள். இல்லையென்றால் பத்து நொடியில் முடியுங்கள்.

7. திருக்குறள்ல ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு முன் பேசிய எட்டுப் பேரும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் அதே குறளில். நீர் என்றதும் எல்லாருக்கும் “நீரின்று அமையாது உலகெனின்” வந்துவிடுகிறது. காட்சியிலோ கேள்வியிலோ தொடங்கி, குறளை முடிவுக்கு முன்னால் வையுங்கள். பொருளை முதலில் உங்கள் சொல்லில் சொல்லிவிட்டு, பிறகு குறளைச் சீர் பிரித்து ஒரே முறை சொன்னால் பொருளோடு சேர்ந்து பதியும். அதிகாரத்தின் பெயர், குறளின் எண் எல்லாம் வேண்டாம்.

8. குட்டிக் கதை சொல்லச் சொல்றாங்க. கதை ஞாபகம் இருக்கு, கருத்து ஞாபகம் இல்லைங்கிறாங்களே?

கதையும் கருத்தும் ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அப்படித்தான் ஆகும். கதையின் திருப்பம் எந்தப் பொருளில் நடக்கிறதோ அதே பொருள் கொண்டுபோகும் வரியிலும் இருக்க வேண்டும். நம் மாணவியின் கதையில் குடம் வரவேண்டும். தெருக்குழாயில் அதிகாலை நாலு மணிக்கு வரிசையில் நிற்கும் ஒரு பெண், எட்டாவது குடம் நிரம்பும் முன் தண்ணீர் நிற்கிறது. இவ்வளவு போதும். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு நெருக்கடி, 60 முதல் 75 நொடி.

முடிந்ததும் “இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்னவென்றால்” என்று விளக்காதீர்கள். இரண்டு நொடி நிறுத்தி நேரே கொண்டுபோகும் வரிக்கு வாருங்கள். கற்பனைக் கதையை “எங்கள் தெருவில் நேற்று நடந்தது” என்று சொல்லாதீர்கள். “ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றே தொடங்கலாம். பதிவதில் ஒரு குறையும் வராது.

9. பட்டிமன்றத்துல நகைச்சுவைக்குச் சிரிக்கிறாங்க, அப்புறம் நான் எந்த அணின்னே மறந்துடுறாங்க.

8-ஆம் பதிலின் விதியே இங்கும். சிரிப்பு வெடிக்கும் சொல்லே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். சிரிப்பு முடிந்த பிறகு வாதத்தைத் தொடங்கினால் கூட்டம் அடுத்த நகைச்சுவைக்குக் காத்திருக்கும். சிரிப்பு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். உச்சத்தில் பேசினால் கேட்காது, முழுக்க அடங்கிய பிறகு பேசினால் சூடு போயிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த துணுக்கை எடுக்க வேண்டாம். முதல் வரியிலேயே பாதிப் பேருக்கு முடிவு தெரிந்துவிடும்.

10. செந்தமிழ்ல பேசணுமா, வீட்டுல பேசுற மாதிரி பேசலாமா?

விளக்கத்தை எளிய மேடைத் தமிழில் சொல்லுங்கள். கதையில் வரும் ஆட்கள் பேசும்போது அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும். 1-ஆம் பதிலில் சொன்ன ‘மாறுபட்டு நிற்றல்’ இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. “இன்னிக்கும் ஏழு கொடந்தானாடி?” என்று ஒரு வரி வந்தால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். முழுப் பேச்சும் வழக்குத் தமிழில் இருந்தால் அந்த வரிக்குத் தனி ஒளி இல்லை.

11. பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் சொல்றது பாதிதான் கேக்குதாம். மைக் நல்லாத்தான் இருக்கு.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ‘செய்வோம்’ என்றோமா ‘செய்யமாட்டோம்’ என்றோமா என்பது அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். குரல் இறங்குவதும் அங்கேதான். அதனால் பின்வரிசைக்கு எழுவாய் கேட்கும், முடிவு கேட்காது. எழுதிய தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் அடிக்கோடிட்டு, அந்தச் சொல்லில் குரலை இறக்காமல் உரக்கப் படித்துப் பழகுங்கள். ‘…என்பதையும், …என்பதையும், …ஆகியவற்றையும்’ என்று நீளும் வாக்கியத்தை மூன்றாக வெட்டுங்கள். வினை வரும்வரை கேட்பவர் அத்தனையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. பாதி வழியில் இறக்கி வைத்துவிடுவார்.

கையில் பிடிக்கும் மைக்கை வாயிலிருந்து மூன்று, நான்கு விரற்கடைத் தூரத்தில், சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். நேரே பிடித்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும். வலைத்தலையைக் கையால் மூடாதீர்கள், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். ‘கீ’ என்று கத்துவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். தெருக் கூட்டங்களில் குழாய் ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஆகவே 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி, பக்கத்துக் குழாயின் ஒலிக்குப் பிறகு கால் நொடிக்கு மேல் தாமதித்து வந்து சேரும். ஒரு சொல் இன்னொரு சொல்லின் மேல் விழும். அங்கே ஐந்தாறு சொல் வாக்கியமும் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நிறுத்தமும்தான் வழி. டைல்ஸ் பதித்த கல்யாண மண்டபத்தின் எதிரொலிக்கும் இதே மருந்து.

12. நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்றீங்க. நிறுத்தினா மறந்துட்டான்னு நினைக்க மாட்டாங்களா?

கண் கூட்டத்தின் மேல் இருந்தால் நினைக்க மாட்டார்கள். தரையையோ கூரையையோ பார்த்தால் நினைப்பார்கள். கொண்டுபோகும் வரிக்கு முன் இரண்டு நொடி, பின் மூன்று நொடி. முன் நிறுத்தம் கவனத்தைக் கூட்டும். பின் நிறுத்தத்தில்தான் வரி பதிகிறது. உடனே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினால் அது முந்தையதை அழித்துவிடும். பேசுபவருக்கு மூன்று நொடி மிக நீளமாகத் தெரியும். மூக்கு வழியாக ஒரு முழு மூச்சு இழுத்து விடுங்கள். அதுவே மூன்று நொடி.

13. முழுசா மனப்பாடம் பண்ணணுமா, குறிப்பு வச்சுக்கலாமா?

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்றுதான்: முதல் மூன்று வாக்கியம், கொண்டுபோகும் வரி, கடைசி இரண்டு வாக்கியம். நடுவில் உள்ளதைக் கருத்து வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சியிலும் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். முழுவதையும் சொல்லாக மனப்பாடம் செய்தால் ஒரு சொல் விட்டதும் அடுத்து வருவது எல்லாம் நின்றுவிடும்.

வரிசையை நினைவில் வைக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் கண்டதாக ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதிவைத்தது. உங்கள் வீட்டை வாசலிலிருந்து நடந்து பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு கருத்தைக் காட்சியாக வையுங்கள். வாசலில் ஒழுகும் குழாய், கூடத்தில் வரிசையாக எட்டுக் குடம், அடுப்படியில் காலிக் குடத்தோடு அந்தப் பெண். மேடையில் அந்த வீட்டுக்குள் நடந்தால் போதும்.

பயிற்சியை நின்றுகொண்டு, வாய்விட்டு, நாளுக்கு இரண்டு முறை என்று நான்கைந்து நாள் செய்யுங்கள். முந்தைய இரவு இருபது முறை சொல்வதைவிட இது நன்றாகப் பதியும். குறிப்பு வேண்டுமென்றால் உள்ளங்கையளவு அட்டையில் ஐந்து சொல். முழுத் தாளாக இருந்தால் கண் அதிலேயே கிடக்கும். கை நடுங்குவதும் தாளில் பெரிதாகத் தெரியும்.

14. அப்படியும் நடுவுல மறந்துட்டா?

கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாக மறுபடி சொல்லுங்கள். அழுத்தத்துக்காகச் சொல்வதாகவே கூட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போதும் வராவிட்டால் கொண்டுபோகும் வரியைச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். விட்டுப்போனது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. “மன்னிக்கவும், மறந்துவிட்டது” என்று சொன்னால் அன்றைய பேச்சில் நினைவில் நிற்பது அதுவாகிவிடும்.

15. என் பொண்ணு மூணாவது படிக்கிறா. நாங்க எழுதிக் குடுத்ததைக் கடகடன்னு ஒப்பிச்சுட்டு வந்துடுறா.

பெரியவர்கள் எழுதும் வாக்கியம் அவள் மூச்சுக்குப் பெரியது. இரண்டு நிமிடம், பதினைந்து முதல் இருபது வாக்கியம், ஒவ்வொன்றும் ஆறேழு சொல்லுக்குள். எழுதும் முன் தலைப்பைப் பற்றி அவளிடம் பேசுங்கள். அவள் வாயிலிருந்து வந்த இரண்டு வாக்கியத்தை அப்படியே பேச்சில் வையுங்கள். அந்த இடம் வரும்போது குழந்தையின் முகமே மாறும், நடுவர் அதைக் கவனிப்பார். அர்த்தம் புரியாத ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. சொல்லுக்குச் சொல் கையசைவு சொல்லிக்கொடுக்க வேண்டாம். இரண்டு இடத்தில் போதும். ல, ள, ழ வேறுபாட்டை மட்டும் இப்போதே திருத்திவிடுங்கள். வளர்ந்த பிறகு கடினம்.

16. கையில ஏதாவது பொருள் காட்டலாமா? ஸ்லைடு போடலாமா?

பொருள் காட்டலாம், விதி அனுமதித்தால். காட்டும்வரை மறைத்து வையுங்கள், தோளுயரத்துக்கு மேல் தூக்கி ஐந்து நொடி அசையாமல் பிடியுங்கள், பிறகு கீழே வைத்துவிடுங்கள். கையிலேயே வைத்திருந்தால் கண் அதன் மேல், காது உங்கள் மேல் இல்லை. பத்தாவது வரிசைக்குத் தெரியாத பொருளால் பயனில்லை; குழாய்த் திருகு தெரியாது, குடம் தெரியும்.

ஸ்லைடில் எழுத்து நிறைய இருந்தால் கூட்டம் படிக்கும், நீங்கள் சொல்வதைக் கேட்காது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய யாராலும் முடியாது. ஒரு படம், அல்லது கொண்டுபோகும் வரி மட்டும். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தமிழ் தட்டியிருந்தால் அரங்கின் கணினியில் எழுத்து சிதறும். பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள்.

17. பணி நிறைவு விழாவுல எல்லாரும் ‘நேர்மையானவர், எளிமையானவர்’னு தான் பேசுறாங்க. வித்தியாசமா என்ன சொல்றது?

குணத்தின் பெயரைச் சொல்லாமல், அந்தக் குணம் தெரிந்த ஒரு செயலைச் சொல்லுங்கள். “கடமை உணர்வு மிக்கவர்” என்பது யாருக்கும் பொருந்தும். “சாவி இவரிடம் இருந்த இத்தனை வருஷத்தில் அலுவலகம் ஒரு நாளும் ஒன்பதே முக்காலுக்குப் பிறகு திறந்ததில்லை” என்பது அவருக்கு மட்டும் பொருந்தும். ஒரு செயல், இரண்டு நிமிடம். அவர் குடும்பத்தாருக்குத் தெரியாத அலுவலகச் சம்பவமாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் வீட்டில் அது பல வருஷம் பேசப்படும். சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சு உங்களுடையது என்றால் ஒரு நிமிடமாக்குங்கள்.

18. நான் கடைசியா பேசுறவன். எனக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டாங்கன்னா?

கடைசி இடம் நல்ல இடம். காரணம் 3-ஆம் பதிலில் இருக்கிறது. முன் பேசியவர்களில் கூட்டம் அதிகம் கைதட்டிய ஒரு சொல்லையோ படத்தையோ குறித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி அதிலிருந்து தொடங்குங்கள். அது ஏற்கெனவே பதிந்திருப்பதால் அதோடு சேர்த்துச் சொல்வதும் பதியும். உங்கள் மூன்று பகுதியில் மற்றவர்கள் சொல்லிவிட்ட இரண்டை அங்கேயே வெட்டிவிடுங்கள். நேரம் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், அன்றைய புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் லிங்கன் ஏறத்தாழ 270 சொற்கள் பேசினார், இரண்டு மூன்று நிமிடம். உலகம் வைத்துக்கொண்டது “மக்களுடைய, மக்களால், மக்களுக்காக” என்ற மூன்று சொல்லை.

19. தயாரிக்காம மனசுல இருந்து பேசினாதான் நிக்கும்னு சொல்றாங்களே, மார்ட்டின் லூதர் கிங் மாதிரி?

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற பகுதி அவர் கையிலிருந்த எழுத்துப் பிரதியில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கனவுப் பகுதியை அவர் அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட் உட்பட முந்தைய கூட்டங்களில் பேசியிருந்தார். வாஷிங்டனில் எழுதி வந்ததை விட்டுவிட்டு அதற்குத் தாவியபோது, பலமுறை வாயில் புழங்கிய சொற்களுக்குத்தான் தாவினார். உங்களுக்கும் அப்படி வாயில் புழங்கிய இரண்டு மூன்று பகுதிகள் கைவசம் இருந்தால், திடீரென்று மைக் கொடுத்தாலும் பேசலாம். ஒன்றும் இல்லாமல் ‘மனசுல இருந்து’ பேசினால் பெரும்பாலும் வருவது மற்றவர்கள் பேசிக் கேட்ட வாக்கியங்கள்.

20. பேச்சு நின்னுச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அன்று மாலை கேட்காதீர்கள். மரியாதைக்கு நல்லதாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, கூட்டத்தில் இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாக, “எப்படி இருந்தது?” என்று அல்லாமல் “நான் என்ன சொன்னேன்?” என்று கேளுங்கள். மூவரும் மூன்று வெவ்வேறு விஷயம் சொன்னால் கருத்துகள் அதிகம். 3-ஆம் பதிலைப் பார்த்து வெட்டுங்கள். கதை மட்டும் வந்தால் ஒட்டு சரியில்லை, 8-ஆம் பதில். கருத்து வருகிறது, சொற்கள் வரவில்லை என்றால் வரியின் ஓசையைச் சீர்செய்யுங்கள், 4-ஆம் பதில். “என்னமோ குடம்னு சொன்னியே” என்று அரைகுறையாக வந்தாலும் நல்ல அறிகுறிதான். படம் பதிந்திருக்கிறது, நிறுத்தம்தான் போதவில்லை.

சில சமயம் அவர்கள் திருப்பிச் சொல்லும் வரி, நீங்கள் எழுதியதைவிடச் சின்னதாக, நன்றாக இருக்கும். அதை அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த மேடையில் பயன்படுத்துங்கள்.